ஏலத்தில் கார் வாங்கலாமா? முத்துச் சிப்பி சொல்லும் பதில்



பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரப்பட்டு நடுவில் விட்டுவிட வேண்டாம். கடைசியில் கேள்வி கேட்பேன் என்று பயப்படவும் வேண்டாம். கேள்வியை ஏற்கெனவே ஒருவன் கேட்டுவிட்டான். இது அவனுக்கான பதில்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயரிங் வேலை செய்கிறான். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தான்.

"டீச்சர், சீசிங் வண்டி ஒண்ணு ஏலத்துக்கு வருது. வெளியில நாலு லட்சம் போற காரு. ரெண்டரைக்கு முடிச்சிரலாம்னு சொல்லுதாவ. வாங்கலாமா டீச்சர்?"

"காரு எதுக்குல ஒனக்கு?"

"அப்பாவ மாசம் ரெண்டு தடவ பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் டீச்சர். பஸ்ல ஏறி எறங்க முடியல அவுகளுக்கு."

"ரூவாய்க்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுல நகையை வச்சிரலாம்னு இருக்கோம்" என்றான்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஏனென்றால் ஏலத்தில் வாங்கிய ஒரு கார் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து போயிருக்கிறது. அதைச் சொல்லுமுன் நம் கடற்கரையின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சரித்திரம் சொல்லாமல் உங்கள் டீச்சரால் எதையும் சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே!

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஏலம்' என்பது போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து நமக்கு வந்தது. அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் வந்த அதே வழி. சொல் வெளியூர்க்காரர்களுடையது என்றாலும் பழக்கம் நமக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது. குளத்து மீன்பாசி ஏலம், சாலையோரப் புளியமர ஏலம், கோயில் கடை ஏலம், சந்தை வரி ஏலம் என்று ஏலம் இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி விளையாடாத பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை.

அமலிநகரிலோ வீரபாண்டியன்பட்டினத்திலோ வள்ளம் கரைக்கு வரும் நேரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மீனை மணலில் கொட்டி ஏலம் விடுவார்கள். வாங்க வந்தவர் முதலில் என்ன செய்வார்? குனிந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் மீன் புதுசு. கண்ணைப் பார்ப்பார், விரலால் வயிற்றை அழுத்துவார். ஒரு நிமிஷத்தில் மீனின் ஜாதகம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகுதான் விலை கேட்பார். இது திறந்த பொருளின் ஏலம்.

இதே கடலில் மூடிய பொருளின் ஏலம் ஒன்றும் நடந்தது. அதுதான் முத்துச் சிப்பி ஏலம்.

கொற்கையைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப்போனதால் இன்று உள்நாட்டுக் கிராமமாக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதி வைத்த 'எரித்திரையக் கடல் பெரிப்ளஸ்' என்ற பயணக் குறிப்பிலேயே கொற்கையின் முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்து எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி என்று முத்துக்குளிப்பின் தலைமையிடம் மாறிக்கொண்டே வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் மன்னார் வளைகுடாவில் இந்தத் தொழில் நடந்த முறையைக் கேளுங்கள். குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி, பாரிலிருந்து சிப்பி அள்ளி வருவார்கள். கரையில் எண்ணிப் பிரிப்பார்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மீதி இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். சிப்பி வாய் மூடியபடியேதான் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், வெயிலில் நாள் கணக்காக அழுகவிட்டு, ஈயும் நாற்றமும் தாங்கி, கழுவி அலசிப் பார்க்கும்போதுதான் உள்ளே முத்து இருந்ததா என்பது தெரியும். ஆயிரம் சிப்பியில் ஒருவருக்குப் பெரிய ஆணிமுத்து கிடைக்கும். பக்கத்துக் கொட்டகைக்காரருக்குக் கடுகு மாதிரிப் பொடி முத்து மட்டும் கிடைக்கும். கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

அந்த ஏலத்திலும் ஒரு நியாயம் இருந்தது. முத்துக்குளிப்புக்கு முன்பே அதிகாரிகள் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை விலை மதிப்பவர்களிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த மதிப்பை வைத்துத்தான் வியாபாரிகள் கடல் தாண்டி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதாவது, மூடிய பொருளை வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை.

போன வருஷக் கணக்கை நம்பி ஏமாந்த கதையும் இதே கடலில் உண்டு. எதிர்க்கரையில், இலங்கைப் பக்கத்தில், 1905-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம் வந்தது. அதைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி கிளம்பியது. 1906-இல் அந்த முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். வருஷத்துக்கு 25 லட்சம் வரும் இடத்துக்கு மூன்று லட்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 1907-க்குப் பிறகு பாரில் எடுக்கத் தகுந்த சிப்பியே இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்துபோனது. நம் தூத்துக்குடிப் பக்கத்திலும் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது.

இப்போது யோசியுங்கள். ஏலத்துக்கு வரும் கார் மீனா, சிப்பியா?

பார்வைக்கு அது மீன். பெயிண்ட் தெரிகிறது, சீட் தெரிகிறது, டயர் தெரிகிறது. நாமும் செவுளைத் தூக்குகிற மாதிரி பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால் இன்ஜினுக்குள், கியர் பெட்டிக்குள், கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்களுக்குள் அது வாய் மூடிய சிப்பி. பல ஏலங்களில் வண்டியைக் கண்ணால் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க முடியாது. மீன் வாங்குகிற தைரியத்தோடு சிப்பியை வாங்கிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

ஏலம் எடுத்தவர் ஜெயித்தவர் என்று நினைக்கிறோம். இதற்கு என் பழைய மாணவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புளியங்கொட்டையை நிரப்பி மேஜைமேல் வைத்து, "எத்தனை இருக்கும், எழுதுங்க" என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா? ஒருவர் 150 என்பீர்கள், ஒருவர் 900 என்பீர்கள். எல்லோர் எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் வகுப்பிலேயே பெரிய எண்ணை எழுதியவர் அநேகமாக எப்போதும் தப்பு. ஏலத்தில் பொருள் யாருக்குப் போகிறது? அந்தப் பெரிய எண்ணை எழுதியவருக்குத்தான்! கூட்டத்திலேயே அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர் கையில் சாவி போகிறது. அமெரிக்காவில் கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகள் எதிர்பார்த்த லாபம் வராமல் திகைத்தபோது, 1971-இல் மூன்று பொறியாளர்கள் இதை ஆராய்ந்து கட்டுரையாகவே எழுதினார்கள். 'வென்றவன் சாபம்' என்று பொருளியலில் இதற்குப் பெயர்.

சரித்திரத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ரோமாபுரி. கி.பி. 193-இல் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படையினர், அரியணையையே ஏலம் விட்டார்கள். ஒரு வீரனுக்கு 25,000 செஸ்டர்ஸ் தருவதாகக் கேட்டு டிடியஸ் ஜூலியானஸ் என்ற செல்வந்தர் பேரரசை எடுத்தார். அறுபத்தாறே நாள். அவரையும் கொன்றுவிட்டார்கள். நாம் எடுப்பது கார்தான், தலை போகாது. நகை போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியது. ஏலக்காரர் சுத்தியைத் தட்டியதும், அல்லது வழக்கமான வேறு முறையில் அறிவித்ததும், விற்பனை முடிந்தது. அதற்கு முந்திய நொடி வரைக்கும் கேட்ட விலையை நாம் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு முடியாது. விற்பவர் தானோ தன் ஆளோ ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல், ஆள் வைத்து விலையை ஏற்றினால் அது மோசடி; வாங்கியவர் அந்த விற்பனையை ஏற்க மறுக்கலாம். அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, சில விதிவிலக்குகள் போக, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகப் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார். பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு. ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருந்தபடி" என்று ஒரு வரி இருக்கும். சின்ன எழுத்தில் இருந்தாலும் அறிவிப்பிலேயே பெரிய வரி அதுதான். வண்டியில் என்ன குறை இருந்தாலும் இனி உன் தலையில் என்பது அதன் அர்த்தம். ஒன்றரை லட்சம் குறைவாகக் கிடைக்கிறது என்கிறோமே, அந்தப் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்வதற்குத் தரும் கூலி அது.

அப்படியானால் ஏலத்துக்கு வரும் எல்லா வண்டியும் சொத்தை வண்டியா? இல்லை. இங்கே நம் வ.உ.சி.யை நினைத்துக்கொள்ள வேண்டும். 1906 அக்டோபர் 16-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கழுத்தை நெரித்தது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டு, கப்பல்களும் கைவிட்டுப் போயின. கப்பல் பழுது என்றா விற்றார்கள்? உடையவருக்கு வந்த கஷ்டத்தால் விற்றார்கள்.

ஆகவே ஏலத்துக்கு வரும் எந்தப் பொருளிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கஷ்டம் வந்தது உடையவருக்கா, பொருளுக்கா?

காரில் இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, தவணை கட்டாததால் வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துவந்த வண்டி. நாம் சீசிங் வண்டி என்கிறோமே, அது. கஷ்டம் பெரும்பாலும் உடையவருக்கு. ஆனால் தவணை கட்டப் பணமில்லாதவர் ஆயில் மாற்றியிருப்பாரா, சர்வீஸ் விட்டிருப்பாரா என்று பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கிவந்து வெயிலிலும் மழையிலும் எத்தனை மாதம் நிறுத்தியிருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு, அரசாங்க ஏலம். மதுவிலக்கு வழக்குகளில் போலீஸார் பறிமுதல் செய்த வண்டிகளைப் பொது ஏலம் விடுவது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காவல் நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் இலை மூடிக் கிடக்குமே, அவைதான். இன்னொரு வகை, அரசுத் துறைகள் கழித்துவிட்ட பழைய ஜீப்பும் அம்பாசிடரும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை, உடைப்புக்குத்தான் போக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதனால் அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

மூன்று, காப்பீட்டுக் கம்பெனி 'முழு நட்டம்' என்று முடிவு கட்டிய வண்டி. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், உடையவருக்கு முழுத்தொகை கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். இங்கே கஷ்டம் பொருளுக்கே வந்தது. விபத்து, தீ, வெள்ளம்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடையாற்றங்கரையில் வீடுகளின் முதல் மாடி வரை தண்ணீர். ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அதற்கடுத்த மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். கையில் கொஞ்சம் பணம் வந்தது. என் தம்பி உடன்குடியில் கருப்பட்டி வாங்கித் திருநெல்வேலிக் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம் செய்துகொண்டிருந்தான். "அக்கா, சென்னையில ஏலத்துல ஒரு காரு. கம்பெனி வண்டி மாதிரி இருக்கு. புரோக்கர் நம்மாளுதான்" என்றான். போட்டோவைக் காட்டினான். பளபளவென்று இருந்தது. "வெலை சகாயமாத்தானல இருக்கு, எடு" என்று சொல்லி இரண்டு லட்சம் கொடுத்தவள் நான்தான். முத்துச் சிப்பிப் பாடத்தை முப்பது வருஷம் நடத்தியவள்!

அவனுடைய நோட்டில் எழுதியிருந்த கணக்கு இது. ஏல விலை 1,65,000. புரோக்கருக்கு 8,000. லாரியில் ஏற்றி வர 14,000. பேட்டரி, நான்கு டயர் 22,000. இன்சூரன்ஸ் 9,000. பெயர் மாற்ற அலைச்சலும் செலவும் 6,000. வீட்டு வாசலுக்கு வரும்போதே 2,24,000 ஆகிவிட்டது. மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது.

நான்காம் மாதம், அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகும்போது கருங்குளம் தாண்டியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. வண்டி நின்றது. கதவின் பூட்டு திறக்கவில்லை. பின்கதவு வழியாக எண்பது வயது அம்மாவைத் தூக்கி இறக்கினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முருகன் புண்ணியம். வண்டியைப் பிரித்த மெக்கானிக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த வண்டல். வயர் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்திருந்தது. "அக்கா, இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார்.

வெள்ள வண்டியின் குணம் இதுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உடனே கெட்டுவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது தெரிந்த சேதம், மாற்றிவிடுவார்கள். தெரியாத சேதம் வயரிலும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் ஏர்பேக் இணைப்பிலும் மெதுவாக வேலை செய்யும். கழுவித் துடைத்து விற்றவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மாதங்கள் கழித்து வேறொருவர் வீட்டில் அது வெளிவரும்.

வயரிங்குக்கு 31,000, கம்ப்யூட்டர் பெட்டிக்கு 27,000. ஆக 2,82,000. அந்த வருஷம் அதே மாடல் வண்டியை, ஊரில் தெரிந்தவர் ஒருவர், ஓட்டிப் பார்த்தே வாங்கிக்கொள்ளுங்கள் என்று 2,60,000-க்குக் கொடுப்பதாக இருந்தார்! கடைசியில் எங்கள் வண்டி 70,000-க்குப் பழைய இரும்புக்காரரிடம் போனது.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்தத் தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்கு வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தை மாதம் வந்து திண்ணையில் மூவாயிரம் ரூபாயை வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனான். மாதாமாதம் அப்படியே. "வேண்டாம்டா, நானுந்தானே எடுன்னு சொன்னேன்" என்று எவ்வளவோ சொன்னேன். அறுபத்தேழாவது மாதம் கடைசி இரண்டாயிரத்தை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து சாப்பிட்டான். மலிவு என்று வாங்கிய ஒரு வண்டி, ஐந்தரை வருஷம் என் தம்பியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

அதோடு முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், நம் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் நம் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாகக் கார்கள், கண்ணாடி வரை சேறு பூசி நின்றன. சில நாளில் லாரிகள் வந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போயின. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைத் தண்ணீர் 2016-இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நம் தண்ணீர் இப்போது எந்த ஊரில், யார் வீட்டு வாசலில், பாலீஷ் போட்டு நிற்கிறதோ என்று நினைத்தேன். மனசு சரியில்லாமல் போய்விட்டது.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஜப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் ஏலத்தில்தான் கைமாறுகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஏலக்கூடத்தின் பரிசோதகர் ஒரு தாள் எழுதுவார். வண்டியின் படம் வரைந்து, எங்கே கீறல், எங்கே நசுங்கல், எது மாற்றப்பட்டது என்று குறித்து, மொத்தத்துக்கு மதிப்பெண்ணும் போடுவார். விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டிக்குத் தனிக் குறியீடு. இலங்கையில் இருக்கும் நம் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள், ஜப்பான் கார் வாங்குமுன் அந்த ஏலத்தாளைக் காட்டு என்றுதான் கேட்பார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் முழு நட்டம் என்று முடிவான வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழுந்துவிடும். நம் ஆர்.சி.யில் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று ஒரு வரி கிடையாது. அந்த வரி வரும்வரைக்கும் நாமே பரிசோதகராக இருக்க வேண்டும். அன்று சிப்பிக்கு மாதிரி பார்த்த மாதிரி.

இனி உனக்கு என் பதில், மகனே.

ஏலத்தில் பழைய கார் வாங்குவது வியாபாரிக்கும் மெக்கானிக்குக்கும் புத்திசாலித்தனம். பத்து வண்டி எடுப்பார், இரண்டு சிப்பியில் முத்து இல்லாவிட்டாலும் மற்ற எட்டில் சரிக்கட்டுவார். பழுதையும் கூலியில்லாமல் தானே பார்ப்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டி வாங்குகிறவனுக்கு அந்தச் சரிக்கட்டல் கிடையாது. உனக்கு ஒரே ஒரு சிப்பி. அதனால் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் மட்டும் போ.

முதல் கேள்வி, கஷ்டம் யாருக்கு வந்தது? வங்கி எடுத்த வண்டியா, காப்பீட்டுக் கம்பெனி தள்ளிய வண்டியா என்று எழுத்தில் பார். இரண்டாவது வகை என்றால் பேச்சை அங்கேயே முடி. பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, கடன் யார் பேரில், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, அபராதம் பாக்கி உண்டா என்று பார். வங்கி ஏலமென்றால் என்.ஓ.சி.யும் கடன் நீக்கப் படிவம் 35-உம், பெயர் மாற்றப் படிவங்களும் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று முன்பே கேள். அரசாங்க ஏலமென்றால் படிவம் 32-இல், வண்டியை எடுத்த முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காகிதம் இல்லாத கார் வாசலில் நிற்கும் இரும்புதான்.

இரண்டாவது கேள்வி, செவுளைத் தூக்க விடுவார்களா? உன் சொந்தச் செலவில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளக் கம்பியில் துரு பார். கம்பளத்தின் மூலையைத் தூக்கு. உதிரி டயர் வைக்கும் குழியைத் தடவு. நீ வயரிங்காரன், பச்சை பூத்த செம்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஸ்டார்ட் பண்ணக்கூட விடமாட்டோம் என்றால், கும்பிட்டுவிட்டுத் திரும்பி வா.

மூன்றாவது கேள்வி, முத்து இல்லாவிட்டால் தாங்குவாயா? ஏல விலையோடு கட்டணம், வரி, லாரி, டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் கூட்டு. அதற்குமேல் ஐம்பதாயிரம் பழுதுக்கு வை. அந்தத் தொகை, ஓட்டிப் பார்த்து வாங்கக்கூடிய வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்தால் ஏலம் எதற்கு? வீட்டிலிருந்து கிளம்புமுன்பே உன் கடைசி விலையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வை. மூன்றாம் தரம் சொல்லும்போது அந்தத் தாளைத் தாண்டாதே.

நகையை மட்டும் வைக்காதே. சிப்பிக்கு நகையை அடகு வைப்பது சூதாட்டம். மாதம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் பிடித்தால் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போடு. நகைக்கு வட்டி எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுது. இரண்டையும் கழித்துப் பார். கழித்தல் கணக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். விடையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அப்பாவையும் கூட்டி வா. என் தம்பியும் அன்றைக்கு இருப்பான். அவன் கொண்டுவரும் கருப்பட்டியில் காபி போட்டு வைக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருச்செந்தூர்